ஒன்பது கல்லுக்கு எட்டு கிலோமீட்டர்

பாலக்கோடு மண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் போய்வர நாங்கள் ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். இறக்கத்தில் குறையே இல்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில்தான் சந்தேகம் வந்தது. இதே பாரத்தோடு இதே மாதிரி வண்டிகள் மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருக்க, எங்கள் வண்டி இரண்டுக்கு இறங்கி முக்கியது. இன்ஜினைப் பார்த்தாயிற்று, கிளட்சைப் பார்த்தாயிற்று, டீசல் பில்டரும் மாற்றியாயிற்று. ஒன்றும் பிடிபடவில்லை.

வழியைக் காட்டியது சாலையோரக் கல். தர்மபுரி தாண்டி நான்கு வழிச்சாலையில் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது கல் கடந்தபோது மீட்டர் எட்டு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. திரும்பி வரும்போது மறுபடி பார்த்தோம். அதே ஒன்பதுக்கு எட்டு.

இதை மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "தம்பி, கோளாறு இன்ஜின்ல இல்ல. பின்னாடி கிரவுனை யாரோ மாத்தியிருக்காங்க. எண்ணிப் பாத்துடலாம்" என்றார்.

பின் ஆக்சிலின் நடுவே பூசணிக்காய் போலப் புடைத்திருக்கும் அந்த ஹவுசிங்கை, வண்டி ஓட்டுகிற நம்மில் பலர் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்திருக்க மாட்டோம். அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை, கியர் பாக்ஸிலிருந்து நீளவாக்கில் வரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சுழற்சியைக் குறுக்குவாக்கில் திருப்பி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது. ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிறிய பினியன், கிரவுன் என்கிற பெரிய வளையத்தைச் சுற்றுகிறது. கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 8 பல் என்றால் விகிதம் 5.125. ஷாஃப்ட் ஐந்தே கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சக்கரத்தில் கிடைக்கும் இழுவையும் அதே மடங்கு கூடும்.

பல்லின் எண்ணிக்கை 40, 10 என்று வட்டமாக இல்லாமல் 41, 8 என்று கோணலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சரியாக நான்குக்கு ஒன்று என்று வைத்தால், கிரவுன் ஒவ்வொரு சுற்று வரும்போதும் அதே பல்லோடு அதே பல்தான் கடிக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால், அது எதிரில் வரும் குறிப்பிட்ட சில பற்களையே குத்திக்கொண்டிருக்கும். 41 பகா எண். 8 பல் பினியனோடு சேர்த்தால் 328 கடிக்கு ஒருமுறைதான் அதே ஜோடி மறுபடி சந்திக்கும். எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடும் உரசித் தேய்மானம் பரவலாகிவிடும். கிரவுன் செட்டின் எண்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை யோசித்தவரை நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது வேலைதான் டிஃபரன்ஷியல். ஏர் பூட்டிய நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாடு, நடுவில் முளைக்குச்சி, அதில் ஏர்க்கால். திருப்பத்தில் வெளிமாடு முன்னே போகும், உள்மாடு பின்தங்கும். நுகத்தடி சாயும். ஆனால் நடுக்குச்சி நகரும் தூரம் இரண்டு மாடும் நடந்த தூரத்தின் சராசரி. கிரவுன்தான் அந்த நடுக்குச்சி. இரண்டு ஆக்சில் ஷாஃப்டின் முனையிலும் உள்ள சன் கியர்கள் இரண்டு மாடு. இடையில் இருக்கும் ஸ்டார் கியர்கள் சாய்ந்து கொடுக்கும் நுகத்தடி. நேர்சாலையில் ஸ்டார் கியர் தன் அச்சில் சுற்றாது, கிரவுனோடு மொத்தமாக உருளும். திரும்பினால் மட்டும் சுற்றும். 1827-லேயே பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக இந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

வத்தல்மலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி முழுதாகத் திசை திரும்புகிறது. இரண்டு பின்சக்கரத்துக்கும் இடையே 1.4 மீட்டர் என்றால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 3.14 × 1.4, அதாவது சுமார் 4.4 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ இந்தக் கணக்கு மாறாது. 215/75 ஆர் 15 அளவு டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆக, ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வெளிச்சக்கரம் இரண்டு சுற்று அதிகம். டிஃபரன்ஷியல் இல்லாவிட்டால் அந்த இரண்டு சுற்றையும் டயர் தார் மீது தேய்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

நுகத்தடிக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஒரு மாடு சேற்றில் வழுக்கினால் தடி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், மற்ற மாடு முழு பலத்தோடு இழுக்க முடியாது. மழைக்குப் பின் தக்காளித் தோட்டத்தில் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல, மற்றது மண்ணில் சும்மா நிற்பது இதனால்தான். இரண்டுக்கும் சம இழுவைதான் போகும். சேற்றுச் சக்கரத்துக்கு எவ்வளவு குறைவோ, நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவே.

இனி எண்ணிய கதை. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டோம். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்தார் அண்ணன். வெறும் ஜாக்கியை நம்பி அவர் எந்த வண்டிக்கும் கீழே போனதில்லை, யாரையும் விட்டதில்லை. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்டின் ஜாயிண்டில் ஒரு கோடு. நான் சக்கரத்தைச் சுற்ற, அவர் கீழே படுத்து ஷாஃப்டை எண்ணினார். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், நான் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் சராசரி ஒன்று, அவ்வளவுதான். இரண்டு கோடும் தொடங்கிய இடத்துக்கே ஒன்றாக வந்து நிற்கும்வரை நிறுத்தாமல் சுற்றச் சொன்னார். என் கணக்கில் 18, அவர் கணக்கில் 41. அப்படியென்றால் கிரவுன் 9 சுற்று, பினியன் 41 சுற்று. உள்ளே இருப்பது 41க்கு 9. விகிதம் 4.56.

வண்டியின் கையேட்டில் இருந்தது 41க்கு 8. மகள் எண்ணிய கற்களுக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது. மீட்டர் கேபிள் கியர் பாக்ஸின் பின்னாலிருந்து போகிறது. அது எண்ணுவது ஷாஃப்டின் சுற்றை, சக்கரத்தின் சுற்றை அல்ல. சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் 5.125 சுற்றும் என்று நம்பிச் செய்த மீட்டர், 4.56 சுற்று மட்டும் வந்தால் ஒன்பதில் எட்டைத்தான் காட்டும். இழுவையும் அதே கணக்கில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது. 41க்கு 9 கெட்ட செட் என்று சொல்ல மாட்டேன். சமவெளியில் லேசான பாரத்தோடு ஓடும் வண்டிக்கு இன்ஜின் சுற்று குறையும், டீசல் மிச்சமாகும். தொப்பூருக்கு அது பொருந்தாது.

எல்லா வண்டிக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. சிலவற்றில் ஹவுசிங் போல்ட்டில் சிறு தகடு தொங்கும். சிலவற்றில் கதவுச் சட்டத்துத் தகட்டில் குறியீடு இருக்கும். அமெரிக்க பிக்கப்புகளில் பின்மூடியின் வடிவத்தையும் போல்ட் எண்ணிக்கையையும் வைத்தே ஆக்சிலின் வகையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் தகடும் குறியீடும் சொல்வது வண்டி பிறந்தபோது உள்ளே இருந்ததை. இன்று இருப்பதைச் சாக்பீஸ்தான் சொல்லும். மலைக் கிராமங்களுக்கு இன்னும் ஓடும் பழைய ஜீப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்புக்கு 39க்கு 8. பின்னால் பொதுமக்களுக்காக வந்த சிஜே வகைகளில் 43க்கு 8 பரவலானது. கை மாறிக் கை மாறி வந்த ஜீப்பில் எது இருக்கிறதென்று எண்ணாமல் சொல்ல முடியாது.

எண்ணி முடித்ததும் அண்ணன் ஆயிலைப் பார்க்கலாம் என்றார். வண்டி கொஞ்ச நேரம் முன்பு ஓடியிருந்ததால் ஆயில் சூடாக, இளகி இருந்தது. அவர் முதலில் கை வைத்தது கீழே இருக்கும் டிரெயின் பிளக்கில் அல்ல, பக்கவாட்டில் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கில். கீழதைத் திறந்து ஆயிலைக் கொட்டிவிட்டு, மேலது துருப்பிடித்துத் திறக்காமல் போனால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பிளக்கைக் கழற்றியதும் வந்தது பால் கலந்த காபி நிறம். தண்ணீர் புகுந்த ஆயில். காரணம் ஹவுசிங் மேலே உள்ள விரல் நுனி அளவு பிரீதர், உள்காற்று போய்வரும் துளை. செம்மண் அடைத்து அது கல்லாகியிருந்தது. ஓடும்போது ஹவுசிங் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் ஆயில் சீல் வழியாகப் பிதுங்கி பிரேக் ஷூ வரை நனைக்கும். லோடு இறக்கிய கையோடு சூடான வண்டியை வாட்டர் சர்வீசுக்கு விடுவோம். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்காற்று சட்டென்று சுருங்கி, சீல் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு மாதமாக நானே இதைச் செய்துகொண்டிருந்தேன். இப்போது வண்டி ஆறாமல் தண்ணீர் காட்டுவதில்லை.

டிரெயின் பிளக்கின் காந்தத்தில் கருஞ்சாம்பல் களிம்பு ஒட்டியிருந்தது. அதை விரலில் தேய்த்துக் காட்டினார். மாவு போல வழவழப்பாக இருந்தால் இயல்பான தேய்மானம். நகத்தில் இடறும் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று அர்த்தம். எங்களுடையதில் நல்லவேளையாக மாவுதான்.

இந்த ஆயிலை ஏன் இவ்வளவு பேச வேண்டும்? கிரவுன் பினியனின் பற்கள் உருள்வதோடு நிற்பதில்லை, ஒன்றன் மீது ஒன்று வழுக்கவும் செய்கின்றன. 1926-ல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம், பினியனைக் கிரவுனின் நடுமட்டத்திலிருந்து கீழே இறக்கி வைக்கும் ஹைப்பாய்டு கியரைக் காரில் கொண்டுவந்தது. ஷாஃப்ட் தாழ்ந்ததால் வண்டியின் தரைப்பகுதியும் தாழ்ந்தது, பல் பெரிதாகி வலுவானது. அதற்கு விலையாக வழுக்கல் கூடிற்று. பாரத்தில் அழுந்தும் பல்லுக்கு நடுவே வெறும் எண்ணெய்ப் படலம் நிற்காது, பிதுங்கி ஓடிவிடும். அதனால்தான் ஹைப்பாய்டு ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த பொருட்கள் கலக்கிறார்கள். உரசும் புள்ளி சூடானதும் கந்தகம் இரும்போடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகிறது. உலோகத்தோடு உலோகம் ஒட்டிப் பிய்வதற்குப் பதில் அந்தப் படலம் தேயும், மறுபடி உண்டாகும். கிரவுன் ஆயிலின் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்துடையது.

டப்பாவில் ஜிஎல்-5 என்று போட்டிருப்பது இதற்கு. ஜிஎல்-4 ஆயிலில் இந்தப் பொருட்கள் குறைவு, அது கியர் பாக்ஸுக்கு. ஜிஎல்-5-ஐக் கியர் பாக்ஸில் ஊற்றினால் கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துவரச் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும். கியர் ஆயில் டப்பாவில் கெட்டித்தன்மையைக் காட்டும் 80டபிள்யூ-90-ல் இருக்கும் 90-ஐப் பார்த்து இன்ஜின் ஆயில் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயில் 90, இன்ஜின் ஆயில் 40, 50 அளவு பிசுக்குதான். எந்த எண், எத்தனை லிட்டர் என்பதற்குக் கையேடுதான் பேச்சு. சமதரையில் நிறுத்தி, ஃபில்லர் துளையில் வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. அதற்கு மேல் திணித்தால் கிரவுன் அதை வீணாகக் கடைந்து சூடாக்கும்.

ஊளையிடும் சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஏற்றத்தில் பல்லின் ஒரு முகம் பாரம் தாங்குகிறது. இறக்கத்தில் கியரிலேயே இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது, பல்லின் மறுமுகம் தாங்குகிறது. ஏற்றத்தில் மட்டும் ஊளை என்றால் ஒரு முகத்தில் கோளாறு, இறக்கத்தில் மட்டும் என்றால் மற்றதில். அந்தச் சத்தத்துக்குப் பயந்தோ, டீசலை மிச்சம் பிடிக்கவோ தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாரம் முழுவதும் பிரேக் ஷூ மீது விழும், ஷூ காய்ந்து பிடிப்பை விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

41க்கு 8 செட் கிடைக்க நான்கு நாளானது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசி ஜோடி சேர்க்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. பல்லில் சாயம் தடவிச் சுற்றி, கடிக்கும் தடம் பல்லின் நடுவே விழும்வரை அண்ணன் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி வைத்தார். அரை நாள் அதற்கே போனது. புது பிரீதரும் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை தக்காளிப் பெட்டிகளோடு கிளம்பினோம். தர்மபுரி தாண்டியதும் மகள் மீட்டரைக் குறித்துக்கொண்டு கற்களை எண்ண ஆரம்பித்தாள். ஒன்பதாவது கல் வந்தபோது, "அப்பா, ஒன்பது" என்றாள்.