வில்லின் வயிற்றுக்கு மட்டும் தீ

ஆஷ், மேப்பிள், எல்ம் போன்ற வெளிர் மரங்களில் கையால் செதுக்கிய வில்லுக்கு ஒரு நோய் வரும். நாணைக் கழற்றிய பிறகும் முழுதாக நிமிராமல் கூன் விழுந்து நிற்கும். அப்படிப்பட்ட வில்லில் அம்பின் வேகம் குறைந்துபோகும்.

கோளாறு வில்லின் வயிற்றில் இருக்கிறது. வளைக்கும்போது இலக்கை நோக்கிய முதுகு இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய வயிறு நெரிபடுகிறது. உலர்ந்த மரம் நார்ப்போக்கில் இழுவையை நன்றாகத் தாங்கும். நெரிவைத் தாங்கும் வலு அதில் ஏறத்தாழ பாதிதான், பல மரங்களில் அதற்கும் கீழே. அதனால் வயிற்றுப் பக்கத்துச் செல்சுவர்கள் மடங்குகின்றன; மடங்கியவை மீள்வதில்லை.

யூ (yew) என்ற ஊசியிலை மரத்துக்கு இயற்கையே வழி செய்திருக்கிறது. பட்டையை ஒட்டிய வெளிறு இழுவையைத் தாங்க, நடுத்தண்டின் கெட்டியான வைரம் நெரிவைத் தாங்கும். 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த விற்கள் அந்த மரத்தில் செய்தவையே. வெளிர் மரத்தின் வயிற்றுக்கு அதற்கு ஈடான உறுதியைத் தீயால் ஊட்டுகிறார்கள்.

மூங்கில் கம்பை வாட்டி நிமிர்ப்பது போன்றதல்ல இது. அங்கே மரம் இளகினால் போதும். இங்கே மரத்தின் வேதியியலே மாற வேண்டும். சுமார் 160 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது செல்சுவரில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள் சிதையத் தொடங்குகிறது. ஈரத்தை அதிகம் பிடித்துவைப்பது அதுதான். மர நார்களைப் பசைபோல் பிணைக்கும் லிக்னின் இளகி, ஆறும்போது இறுகுகிறது. ஈரம் குறைவாக ஏறுவதால் வயிறு விறைப்பாகிறது. ஆனால் வாட்டிய மரம் நொறுங்கும் தன்மை பெறும், இழுவையில் எளிதில் முறியும். ஆகவே முதுகில் சூடு படவே கூடாது. மரம் வெப்பத்தை மெல்லவே கடத்தும் என்பது நமக்குச் சாதகம்.

வில்லை ஒரு பலகை அச்சில் வயிறு மேலே இருக்கும்படி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பெயிண்ட் உரிக்கும் ஹீட் கன்னை ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளிப் பிடித்து, பால் காபி நிறம் வரும்வரை சாண் சாணாக நகர்த்துங்கள். அவசரப்பட்டால் மேல்தோல் கருகும், உள்ளே சூடு இறங்காது.

அதன்பின் காத்திருப்பதுதான், என் பார்வையில், வாட்டுவதைவிட முக்கியம். எலும்பாய்க் காய்ந்த வில்லை உடனே வளைத்தால் படீரென உடையும். காற்றிலிருந்து ஈரத்தை அது திரும்ப வாங்க வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து எழுதி வையுங்கள். எடை ஏறிக்கொண்டே போய், சில நாட்கள் ஒரே இடத்தில் நின்றபிறகு நாணைப் பூட்டலாம்.