ஊதாதீர்கள், அது வெறும் தூசியல்ல

பழைய கார்களைச் சீரமைக்கும் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், குடும்பமாக இந்த வேலையில் இறங்குபவர்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத தகப்பனும் பிள்ளையும், கழற்றிய கார்புரேட்டரின் ஜெட்டுகளை வெள்ளைத் துணியில் பரப்பி, எது எந்தத் துளைக்கு உரியது என்று மணிக்கணக்கில் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சென்ற வாரம் ஒரு வீட்டில் கண்டது வேறு. தகப்பனார் பின்சக்கரத்து பிரேக் டிரம்மைக் கழற்ற, பத்து வயது மகன் கம்ப்ரஸர் குழாயால் உள்ளிருந்த சாம்பல் நிறப் பொடியை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தான். நான் பதறியதும், "கைக்குட்டை கட்டித்தானே இருக்கிறான், அண்ணே" என்றார். இந்த ஆண்டில் இது மூன்றாவது வீடு.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்றால் கூரைத் தகடு மட்டுமே என்று எண்ணுகிறார்கள். டிரம்மில் உராய்ந்து தேய்ந்து அந்தப் பொடியாகும் அக்காலத்து பிரேக் லைனிங்கிலும், கிளட்ச் தட்டிலும் அதைத் தாராளமாகச் சேர்த்தார்கள். அந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாதவை. கைக்குட்டையின் நெசவு அவற்றுக்கு அகலத் திறந்த வாசல். இருமல் வரவில்லையே என்பதும் ஆறுதலாகாது, ஏனெனில் நுரையீரலில் தங்கிய இழை புற்றுநோயாக வெளிப்படப் பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லைனிங் எப்போதோ மாற்றப்பட்டது என்று வாதிடுபவர்களும் உண்டு. பார்வையால் அதை உறுதிசெய்ய என்னாலேயே முடியாது.

ஆகவே ஊதாதீர்கள், தட்டாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சோப்பு நீரை மெதுவாகத் தெளித்து முழுக்க நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியை உறையிலிட்டு மூடுங்கள். அதை எங்கே ஒப்படைப்பது என்று உள்ளூர் நிர்வாகத்திடம் கேளுங்கள். வேலை உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதும் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுப்பவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமையில்லை: ஸ்டாண்ட் வையுங்கள்.

அன்று டிரம்மை நானே நனைத்துத் துடைத்தேன். உடை மாற்றிக் குளித்துவந்த பையன் வாசலுக்கு வெளியே சக்கர நட்டுகளை எண்ணெயிட்டு அடுக்கியபடி, எப்போது உள்ளே வரலாம் என்று நான்கு முறை கேட்டான். கார்புரேட்டருக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.