வீட்டுக்குள் இன்னொரு பள்ளிக்கூடம் வேண்டாம்

வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்த பினாங்குத் தமிழ்ப் பெற்றோர் பலர் என்னிடம் வரும்போது கையில் ஒரு கால அட்டவணை இருக்கும். எட்டு மணிக்குக் கணிதம், ஒன்பதுக்கு மலாய், பத்துக்கு ஓய்வு, பிறகு அறிவியல். சில மாதங்களுக்குள் தாயின் குரல் உயர்ந்துவிடுகிறது. பயிற்சிப் புத்தகத்தை எடுத்தாலே பிள்ளை வயிறு வலிக்கிறது என்கிறான். அந்த அட்டவணையைக் கொஞ்ச காலம் எடுத்து வைத்துவிடுங்கள் என்பதே குழந்தைகள் உளவியல் ஆலோசகராக நான் சொல்லும் முதல் யோசனை.

ஒரே ஆசிரியர் முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் மணியடித்துப் பாடம் மாற்றத்தான் வேண்டும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது எதற்கு? ஏழு, எட்டு வயதில் எழுத்தும் எண்ணும் கற்க, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் காலையில் ஓரிரு மணி நேரம் போதும் என்பது என் அனுபவம். மீதிப் பொழுதைப் பிள்ளையின் கேள்விகளுக்குக் கொடுங்கள்.

என்னிடம் வந்த ஒரு சிறுவனுக்குக் கணிதம் என்றாலே கசப்பு. ஆனால், பினாங்கு மலை ரயில் அவ்வளவு செங்குத்தாக எப்படி ஏறுகிறது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தான். தகப்பனார் பதில் சொல்லாமல் நேரே அழைத்துப் போனார். ஒரே கம்பிவடத்தில் இணைந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குவதையும், இரண்டும் நடுவழியில் விலகிச் செல்வதையும் அவனே கவனித்தான். வீட்டுக்கு வந்து நூலையும் இரண்டு தீப்பெட்டிகளையும் வைத்துச் செய்து பார்த்தான். எந்தப் பெட்டியில் எத்தனை நாணயம் வைத்தால் எது இறங்கும் என்று தானாகவே கணக்குப் போட்டான். அந்த ரயில் 1923இல் தொடங்கியது என்று படித்ததும், தாத்தா அப்போது பிறந்திருந்தாரா என்று கழித்துப் பார்த்தான். இது விளையாட்டுதானே, பாடம் எப்போது என்று தாய் கேட்டார். இதுதான் பாடம் என்றேன்.

பரிசு காட்டிப் படிக்கவைப்பதில் கவனம் தேவை. அமெரிக்காவில் 1973இல் வெளியான ஓர் ஆய்வில், வரைவதை விரும்பிய பாலர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்து, அப்பிள்ளைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஆசையாகச் செய்ததைக் கூலிக்குச் செய்ய நாமே பழக்கிவிடுகிறோம். ஒரு பக்கம் படித்தால் ஒரு ரிங்கிட் என்று தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

தமிழைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. வீட்டுக்கல்விக்கு வாங்கும் பாட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளி ஆறு ஆண்டுகளில் கொடுப்பதை வீட்டில் நாம் கொடுக்காவிட்டால் வேறு யாரும் கொடுக்கப்போவதில்லை. இதற்கும் இலக்கணப் பயிற்சியில் தொடங்க வேண்டாம். இரவில் கால் மணி நேரம் கதை வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள்.

பண்டிகைக்கு வரும் உறவினர் ஏழாம் வாய்ப்பாடு கேட்பார்கள், கேட்கட்டும். தொடக்கப்பள்ளி முடிவில், ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தில் எழுதும் பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வைப் பள்ளி வழியாக அல்லாமல் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை விரட்டிப் படிக்கவைக்க இப்போது என்ன அவசரம்?

சட்டத்தில் மட்டும் தளர்ச்சி கூடாது. 1996 கல்விச் சட்டத்தின்படி மலேசியக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். கல்வி அமைச்சின் விலக்கு பெறாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்துவதற்கு முன்பே அந்த விலக்குக்கு விண்ணப்பியுங்கள்.

நிதானமாகக் கற்பதும் கைவிடப்படுவதும் ஒன்றல்ல. நாள் முழுவதும் கைத்தொலைபேசியோடு இருக்கும் பிள்ளையை, தன் போக்கில் கற்கிறான் என்று விட்டுவிட முடியாது. எட்டு வயது கடந்தும் எளிய சொற்களைக் கூட்டி வாசிக்கத் திணறினால், எழுத்துகளை ஓயாமல் மாற்றி எழுதினால், காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவற்றில் குறையில்லை என்றால் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பிடக் கேளுங்கள். இதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பிள்ளையின் சிரமம் குறையும்.