சப்சிடி: அஞ்சற் கப்பல்களுக்கு அரசு கொடுத்த தொகைக்குத் தமிழ்ச் சொல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கப்பல் போக்குவரத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அனைவரும் எதிர்கொள்ளும் சொல் ‘சப்சிடி’. கடல் கடந்து தபால் மூட்டைகளைக் குறித்த நாளில் கொண்டுசேர்ப்பதற்காக, ஒரு நீராவிக் கப்பல் நிறுவனத்துக்கு அரசு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் கொடுத்துவந்த தொகை என்பதே அங்கே அதன் பொருள். இன்று இதை ‘மானியம்’ என்று எழுதிவிடுகிறோம். எரிவாயு உருளைக்கும் உரத்துக்கும் கிடைக்கும் சலுகையை மனத்தில் வைத்துப் படிப்பவர், அரசு கப்பல் முதலாளிகளுக்குச் சும்மா பணம் கொடுத்தது என்றே எண்ணுவார். நடந்தது அதுவன்று என்பதால், சொல்லின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வேர்ச்சொல் இலத்தீன் மொழியின் ‘சுப்சிதியும்’. பின்னால் அமர்ந்திருத்தல் என்ற கருத்தில் பிறந்த இச்சொல்லால், போர்க்களத்தில் முன்வரிசைக்குப் பின்னே தேவைப்படும்போது எழுந்து செல்வதற்காகக் காத்திருந்த சேமப்படையை உரோமர்கள் குறித்தனர். படைத்துணை என்ற பொருள் காலப்போக்கில் பொதுவான உதவியாகவும் பிறகு பண உதவியாகவும் விரிந்தது. இங்கிலாந்தில் அது முதலில் நாடாளுமன்றம் அரசருக்கு ஒப்புதல் அளித்த வரிப்பணத்தையும், அடுத்துப் போர்க்காலத்தில் நேச நாட்டு மன்னர்களுக்கு அனுப்பிய பணத்தையும் குறித்தது. தனியார் தொழிலுக்கு அரசு கொடுக்கும் தொகை என்ற பொருள் பிற்பட்டதே.

அஞ்சற் கப்பல்களின் கதையில் பழைய படைப் பொருள் முற்றிலும் மறையவில்லை. 1837 ஆகஸ்டில், பின்னாளில் பி அண்டு ஓ என்று பெயர்பெற்ற நிறுவனத்தோடு ஐபீரியத் தீபகற்பத் துறைமுகங்களுக்கான ஒப்பந்தத்தை ஆண்டுக்கு 29,600 பவுனுக்குச் செய்துகொண்டது பிரிட்டிஷ் கடற்படைத் துறை. ஹாலிபாக்ஸ் நகரத்து வணிகர் சாமுவேல் குனார்டோடு 1839இல் அட்லாண்டிக் தபாலுக்காக 55,000 பவுன் என்று தொடங்கி, விரைவிலேயே 60,000 பவுனுக்கு உயர்ந்த ஒப்பந்தத்தைச் செய்ததும் அதே துறைதான். அஞ்சல் துறையின் கைக்கு இப்பொறுப்பு 1860இல்தான் மாறியது. போர் மூண்டால் இக்கப்பல்கள் படைக்குப் பயன்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பேச்சுவார்த்தையிலேயே இருந்தது. அக்காலத் துடுப்புச்சக்கரக் கப்பல், ஏற்றிச் சென்ற நிலக்கரிக்கே இடத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டது, சரக்கு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நாளில் புறப்பட்டாக வேண்டும், தாமதித்தால் தண்டத்தொகை. இத்தனை நிபந்தனைகளுக்கும் ஈடாகக் கேட்டதும் கொடுத்ததும்தான் அந்தத் தொகை.

ஒப்பந்தத்தின் ஒரு வரி துறைமுகங்களின் தலையெழுத்தையே மாற்றியது. 1840களின் நடுவில் பி அண்டு ஓ பெற்ற கீழைத்தேய ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 160,000 பவுனுக்கு இரு தடங்கள் இருந்தன: சூயஸிலிருந்து இலங்கை, சென்னை வழியாகக் கல்கத்தாவுக்கு ஒன்று, இலங்கையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங்குக்கு மற்றொன்று. இரண்டும் கூடும் இடமாக இருந்த, இலங்கையின் காலி நகரத்துத் துறைமுகம், அலைதாங்கி கட்டப்பட்ட கொழும்புக்கு 1880களில் அந்த இடத்தை இழக்கும்வரை, கடிதங்களும் பயணிகளும் கப்பல் மாறும் சந்தியாக விளங்கியது. பம்பாய்–சூயஸ் தடத்தை மட்டும் கிழக்கிந்தியக் கம்பெனி 1854 வரை தன் சொந்தக் கப்பல்களுக்கே வைத்துக்கொண்டது. பிரெஞ்சு அரசும் 1861 ஒப்பந்தத்தில் காலியிலிருந்து கிளைத்தடம் ஒன்றைப் புதுச்சேரி வழியாகக் கல்கத்தாவுக்கு அமைத்தது.

ஒப்பந்தத்தின் சொற்கள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தன என்பதற்குச் சூயஸ் கால்வாயே சான்று. கால்வாய் 1869இல் திறந்த பிறகும், தபால் எகிப்தில் இறக்கப்பட்டு ரயிலில் நிலத்தைக் கடந்து மறுபுறம் வேறு கப்பலில் ஏற்றப்பட்டது, ஏனெனில் ஒப்பந்தம் அவ்வழியைத்தான் குறித்திருந்தது. பி அண்டு ஓ குறைந்த தொகைக்கு இசைந்த பிறகே, 1874இல், கால்வாய் வழிக்கு அஞ்சல் துறை இடம் கொடுத்தது.

அமெரிக்காவில் இத்தொகை அரசியலின் காற்றுக்கேற்ப ஏறி இறங்கியது. குனார்டை வெல்ல வேண்டும் என்ற முனைப்பில் எட்வர்டு காலின்ஸின் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 385,000 டாலரில் தொடங்கிய அமெரிக்கக் காங்கிரசு, 1852இல் அதை 858,000 டாலராக உயர்த்தியது. அந்நிறுவனத்தின் ‘ஆர்க்டிக்’ கப்பல் 1854இல் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. அதன் ‘பசிபிக்’ கப்பல் 1856இல் சுவடின்றி மறைந்தது. காங்கிரசும் கையைச் சுருக்கிக்கொள்ள, 1858இல் அந்நிறுவனம் முடிந்துபோனது. அரசின் தொகையைக் கொண்டே கணக்குப் போட்டுக் கட்டிய தடம், அத்தொகை குறைந்ததும் நிற்க முடியவில்லை.

நிபந்தனை அநீதியாகவும் இருக்கக்கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆஸ்திரேலியக் கூட்டரசு 1901இல் இயற்றிய அஞ்சல் தந்திச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வெள்ளையரை மட்டுமே வேலைக்கு வைக்கும் கப்பல்களோடுதான் அஞ்சல் ஒப்பந்தம் செய்யலாம் என்றது. பி அண்டு ஓ கப்பல்களில் உழைத்த இந்திய லஸ்கர் மாலுமிகளுக்கு எதிராகவே பொதுப்பணம் இங்கே ஆயுதமானது. தூத்துக்குடி வாசகருக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும்: 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசி நிறுவனம் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம், 1856இல் கல்கத்தா–ரங்கூன் அஞ்சல் ஒப்பந்தத்தோடு பிறந்தது.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘உதவித்தொகை’ என்றால் இன்று மாணவருக்கும் முதியோருக்கும் தருவதே நினைவுக்கு வருகிறது. ‘நல்கை’ அழகிய சொல், ஆனால் ஆய்வுக்கும் கலைக்கும் வழங்கும் பணத்துக்கே அது பொருந்திவருகிறது. இரண்டிலும் கைம்மாறு என்ற கருத்து இல்லை. ‘மானியம்’ மதிப்புக்குரியது என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்களில் அது முதலில் குறித்தது நிலத்தை: கோயிலில் மேளம் வாசிப்பவருக்கும் ஊர்ப்பணி செய்பவருக்கும் வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலம். ஊழிய மானியம் என்று இன்றும் நிலப்பதிவுகளில் காணப்படும் வகை, பணி நடக்கும்வரைதான் உரிமை என்ற நிபந்தனையோடு வருவது. கல்வெட்டுகளில், கோயிலில் மேளம் கொட்டுவோருக்கு விடப்பட்ட நிலம் ‘உவச்சக்காணி’ எனப்பட்டதும் இவ்வழக்கின் முன்வடிவமே. அஞ்சற் கப்பலுக்குக் கொடுத்த பணத்தின் இயல்பும் இதுதான்: பணிக்காகக் கொடுப்பது, பணி தவறினால் நிறுத்துவது.

ஆகவே ‘மானியம்’ என்பதை விட வேண்டியதில்லை. அதன் பழைய பொருள் தெரியுமாறு ‘அஞ்சற்பணி மானியம்’ என்று எழுதினால் போதும். ஒப்பந்தப் பணம் செலவை ஈடுசெய்யும் கூலி அளவிலேயே நின்ற இடங்களில் ‘அஞ்சல் ஒப்பந்தத் தொகை’ என்பது இன்னும் பொருத்தம். பிரான்சு 1881இல் சட்டமாக்கிய, கப்பல் கட்டுவதற்கும் கடலில் ஓட்டுவதற்கும் பொதுவாகக் கொடுத்த பணம் தபாலோடு தொடர்பற்றது. அதற்கு ‘ஊக்கத்தொகை’ என்ற தனிச் சொல்லையே வைக்க வேண்டும்.