பதிவு எழுதுங்கள், ஆனால் புகாரையும் எழுதுங்கள்

பணியிடத்தில் தனக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலைச் சமூக ஊடகத்தில் துணிந்து எழுதிய பெண் ஒருவர், புகாருக்கான கெடு முடிந்த பிறகு சட்ட ஆலோசனை கேட்டு வந்தார். இப்படி வருபவர் இவர் முதலாமவர் அல்லர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலை வெளிப்படையாகச் சொன்ன, 2018 அக்டோபரில் இந்தியாவெங்கும் பரவிய 'மீ டூ' இயக்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை ஏட்டளவில் வைத்திருந்த பல நிறுவனங்கள், இந்த இயக்கத்துக்குப் பிறகுதான் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவை உண்மையாகவே அமைத்தன. வெளியே சொன்னால் பெண்ணுக்குத்தான் அவப்பெயர் என்ற பழைய வழக்கமும் அசைந்தது.

ஆனாலும், "உண்மையென்றால் அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. படித்தவர்களும், சில குழு உறுப்பினர்களும்கூட இதைக் கேட்கிறார்கள். மேலதிகாரியின் கையில் சம்பள உயர்வும் அனுபவச் சான்றிதழும் இருக்கும்போது, வீட்டில் தெரிந்தால் வேலையை விடச் சொல்வார்கள் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டால், எந்தப் பெண் மறுநாளே வாய் திறப்பாள்? 1993இல் தன்னிடம் தவறாக நடந்தவர் என்று முன்னாள் பத்திரிகை ஆசிரியரும் அப்போதைய மத்திய இணையமைச்சருமான எம்.ஜே. அக்பரின் பெயரை 2018இல் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணியை, அக்பர் தொடர்ந்த அவதூறு வழக்கிலிருந்து 2021 பிப்ரவரியில் விடுவித்த டெல்லி நீதிமன்றம், பல பத்தாண்டுகள் கழித்தும், தான் விரும்பும் எந்தத் தளத்திலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. தாமதம் பொய்க்குச் சான்றாகாது. தயவுசெய்து இந்தக் கேள்வியை விட்டொழியுங்கள்.

ஆனால், பதிவு புகாராகாது. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதங்களுக்குள் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் பணிபுரியும் இடமென்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகுங்கள். கோபத்தில் குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள்; தேதியோடு குறித்து வையுங்கள். புகார் கொடுத்த பின், இரு தரப்பாரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. ஆதரவு என்ற பெயரில் நண்பர்களும் அதைச் செய்யக் கூடாது.

கெடு கடந்துவிட்டது என்று உடைந்துபோகாதீர்கள். காவல் துறையில் குற்றப் புகார் அளிக்கும் வழி தனியாக இருக்கிறது, அதற்கு இந்த மூன்று மாதக் கணக்குப் பொருந்தாது. வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால், வருமான வரம்பு பாராமல் பெண்களுக்கு இலவச உதவி அளிக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, அங்கே செல்லுங்கள்.