பிசிஆரில் இல்லை என்றால் நோய் இல்லையா?

மட்டக்குளியிலிருந்து வந்த அக்கா ஒருவருக்கு முன்கையில் வெளிறிய தேமல். அரிப்பும் இல்லை, நோவும் இல்லை. இரண்டு வருடமாகப் பாமசியில் களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறார். தோசைக்கல் பட்டுக் கொப்பளம் போட்ட பிறகுதான், சுட்டதே தனக்குத் தெரியவில்லை என்று கவனித்திருக்கிறார். தொழுநோய் என்று சந்தேகித்த தோல் வைத்தியர், அந்த இடத்தில் சின்னத் துண்டு வெட்டி எங்கள் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

“பிசிஆரில் இல்லை என்று வந்தால் எனக்கு அந்த வருத்தம் இல்லைதானே, டொக்டர்?”

கொரோனா காலத்துக்குப் பிறகு பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

தொழுநோய்க் கிருமியை நோர்வே வைத்தியர் ஹன்சன் 1873இல் கண்டார். இன்றுவரை அதை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்க முடியவில்லை. ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். காதுமடலைக் கீறி எடுத்துச் சாயமிட்டுப் பார்க்கும் பழைய பரிசோதனையில், ஒரு கிராம் தோலில் சுமார் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். அக்காவைப் போல ஒரே தேமலோடு வருகிறவர்களிடம் அவ்வளவு இருக்காது. பிசிஆர் அங்கேதான் கைகொடுக்கிறது. கிருமியின் மரபணுவில் 30 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டைத்தான் பெரும்பாலும் தேடுகிறோம். அதனால் கொஞ்சக் கிருமியும் அகப்படும். தொழுநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி மசியவில்லையா என்றும் மரபணுவை வாசித்தே அறியலாம். வளர்க்க முடியாத கிருமிக்கு இது பெரிய காரியம்.

ஆனால் வெட்டிய துண்டில் கிருமி இல்லாவிட்டால் பிசிஆர் எதைக் காட்டும்? இல்லை என்றுதான் வரும், நோய் இருக்கும். செத்த கிருமியின் மரபணுவும் அதில் தெரியும் என்பதால், மருந்து முடித்தவருக்கு ‘உண்டு’ என்று வந்தாலும் உடனே பயப்படத் தேவையில்லை.

பஞ்சு நுனியால் தொட்டால் உணராத தேமல் எந்தப் பரிசோதனையையும் விடப் பெரிய சாட்சி. நரம்பு செத்த பிறகு விரல் மடங்கிப்போனால், மருந்து அதைத் திருப்பித் தராது. பத்தாயிரம் பேரில் ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற ஒழிப்பு இலக்கை இலங்கை 1995இல் எட்டியது உண்மைதான், ஆனால் மேல் மாகாணத்தில் இன்னும் புதிதாக நோயாளிகள் வருகிறார்கள், பிள்ளைகள் உட்பட. குளிசை இலவசம். ஐந்து தேமல் வரை பெரும்பாலும் 6 மாதம், அதற்கு மேல் 12 மாதம்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். பிசிஆர் பதில் வருமுன்னரே அவர் முதல் குளிசை அட்டையைத் தொடங்கிவிட்டார்.