பேசின்: ஆற்றுக்கு வடிநிலம், எண்ணெய்க்குப் படிவுப் படுகை

'பேசின்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதற்பொருள் அகன்ற கிண்ணம். பிறகு ஆறு வடியும் பரப்புக்கும், வண்டல் நிறைந்த நிலப்பள்ளத்துக்கும் அதுவே பெயராயிற்று. தமிழிலும் இரண்டையும் 'படுகை' என்றே எழுதுகிறோம். அதனால் 'காவிரிப் படுகையில் எண்ணெய்' என்ற செய்தி எந்த ஊர்களைக் குறிக்கிறது என்பதே விளங்காமல் போகிறது.

தஞ்சைப் பக்கம் படுகை என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே வண்டல் படிந்த நிலம். நிலவியலுக்கும் இது பொருந்தும் சொல்தான். ஆனால் அடைமொழி இல்லாமல் எழுதக்கூடாது. 'படிவுப் படுகை' என்போம். ஆறு வடியும் பரப்புக்கு 'வடிநிலம்' இருக்கிறது.

காவிரி வடிநிலம் 81,155 சதுர கி.மீ. தலைக்காவிரியில் தொடங்குகிறது, நீர் பிரியும் மேடுகளே அதன் எல்லை. காவிரிப் படிவுப் படுகைக்குக் கர்நாடகத்தில் இடமே இல்லை. கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டம் பிளந்தபோது உருவான பள்ளம் அது. நிலத்தில் சுமார் 25,000 சதுர கி.மீ., மீதி கடலடியில். வைகை பாயும் ராமநாதபுரமும் இதற்குள்தான். புதிய எண்ணெய்த் திட்டங்களைத் தடுக்கும் 2020-இன் தமிழ்நாட்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமோ மாவட்டம், ஒன்றியம் என்று எல்லை வகுத்தது. ராமநாதபுரம் அதற்கு வெளியே. மூன்று கோடுகளும் வேறு வேறு.

படிவுப் படுகையின் மேற்கு எல்லையை, நைஸ், சார்னோக்கைட் போன்ற பழைய கடினமான அடித்தளப் பாறைமேல் படிவுப் பாறை முடியும் இடத்தில் வரைகிறார்கள். அரியலூர்ப் பக்கம் அந்த விளிம்பைத் தரையிலேயே பார்க்கலாம். மற்ற இடங்களில் வண்டல் மூடியிருப்பதால் ஈர்ப்பு, காந்த அளவீடு, நில அதிர்வு ஆய்வு, கிணற்றுப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்துப் படிவின் தடிப்பு சுழியாகும் கோட்டைத் தேட வேண்டும். இங்கே ஒரு பிழை அடிக்கடி நேரும். இன்றைய விளிம்பு அரிப்பால் பின்வாங்கியதாக இருக்கலாம். அதையே பழைய கடற்கரை என்று கொண்டால், எண்ணெய் தேங்கும் தேக்கப்பாறை எதுவரை பரவியிருந்தது என்ற கணக்கு தவறிவிடும்.

வெளிவிளிம்பு மட்டும் கிடைத்தால் வள மதிப்பீடு செய்ய முடியாது. உள்ளே கும்பகோணம்–மாதானம் போன்ற புதைமேடுகள் பள்ளங்களைப் பிரிக்கின்றன. மூலப்பாறை போதிய ஆழத்தில் வெந்து எண்ணெய் கக்கிய பகுதியை முதலில் வரைய வேண்டும். அங்கிருந்து எண்ணெய் நகர்ந்து சேரக்கூடிய தூரம், தேக்கப்பாறையின் பரவல், எண்ணெயை மேலே கசியவிடாத மூடுபாறையின் பரவல் ஆகியவற்றை அதன்மேல் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எல்லாம் பொருந்தி, நிலவியல் ஒரே தன்மையாக இருக்கும் பரப்பே 'மதிப்பீட்டு அலகு'. பள்ளத்தையும் மேட்டையும் ஒரே அலகில் போட்டால், நன்றாகத் துளைத்து அறிந்த பகுதியின் வெற்றி விகிதம் அறியாத பகுதிக்கும் ஏறி, மதிப்பு வீங்கும்.

கடற்கரையிலோ நாட்டு எல்லையிலோ அலகை வெட்டுவதும் தவறு. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய–இலங்கைக் கடல் எல்லைக்கு இருபுறமும் படிவுகள் தொடர்கின்றன. 2011-இல் மன்னார்ப் படிவுப் படுகையின் இலங்கைப் பக்கத்தில் எரிவாயு கிடைத்தது. முதலில் அலகை முழுதாக வரைந்து மதிப்பிட்டு, அதன் பிறகே நாடுவாரியாகப் பங்கிட வேண்டும்.